தாரில் நட்ட தாசில்தார்

வெள்ளாங்கரை பூங்காத் தெருவின் தார் ரோட்டில், ஒரே வாரத்தில், நாற்பத்தோரு மனிதர்களை இடுப்பளவு நட்டவர் ஆவுடையப்பன். கடப்பாரை கிடையாது, மண்வெட்டி கிடையாது, தாரில் ஒரு கீறல் கிடையாது. நடப்பட்டவர்களில் ஒரு வக்கீல் உண்டு, ஒரு பல் டாக்டர் உண்டு, கடைசியாக நட்டது தன் சொந்த மாப்பிள்ளையை. நாய்கள் தனிக் கணக்கு.

இதை அவர் சொல்லத் தொடங்கினால் கேட்கிறவர்கள் உலகம்மாளின் முகத்தைப் பார்ப்பார்கள். உலகம்மாள் அவருடைய மனைவி. கணவர் சொல்வதில் முக்கால்வாசியைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாதியாக்கி ஊருக்குச் சொல்வது அவளுடைய நிரந்தர உத்தியோகம். இந்த விஷயத்தில் மட்டும் அவள் வாயைத் திறப்பதில்லை. காபி கலக்கப் போய்விடுவாள்.

ஆவுடையப்பன் பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் எடுக்காதவனை அவன் முதுகைப் பார்த்தே பிடித்துவிடுவார் என்று பெயர். ஓடுகிற பஸ்ஸுக்கு வெளியே நின்றே பிடிப்பார் என்பது அவரே சேர்த்துக்கொண்டது. அப்படி ஊரை ஆண்டவருக்கு ஓய்வுக்குப் பின் மிஞ்சிய சிப்பந்திகள் இரண்டே பேர். ஒன்று நாய், இன்னொன்று போன். இரண்டும் அவர் பேச்சைக் கேட்பதில்லை.

நாய், சிப்பிப்பாறை ஜாதி. பெயர் தாசில்தார். ஒவ்வொரு கம்பத்திலும் கையெழுத்துப் போடாமல் அடுத்த கம்பத்துக்கு நகராது, அவசரப்படுத்தினால் உட்கார்ந்துவிடும், அதனால் அந்தப் பெயர். தாசில்தார் ஒரு கம்பத்தைப் பரிசீலித்து முடிப்பதற்குள் மனிதன் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு வந்துவிடலாம். அந்தச் சும்மா நேரத்தில்தான் ஆவுடையப்பன் படம் எடுக்கப் பழகினார். தாசில்தார் கம்பத்தோடு, தாசில்தார் கம்பம் இல்லாமல், தாசில்தாரின் வால் மட்டும்.

படங்களில் ஏதோ கோளாறு என்று அவருக்குப் பல நாளாகவே சந்தேகம். பூங்காத் தெரு முனையில் எப்போது எடுத்தாலும் இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டியிருக்கும். மாவிலைத் தோரணம் ஆடும். நடுரோட்டில் தேர் அளவுக்குப் பெரிய கோலம் இருக்கும். கண்ணால் பார்த்தாலோ, தூசியும் சாணியும் ஒரு கிழிந்த செருப்பும்தான். அழகாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டார். எஸ்தர் விழுகிறவரைக்கும்.

எஸ்தர் ராணி அந்தப் பகுதிக்கு விடியற்காலையில் இட்லி மாவு பாக்கெட் கொண்டுவந்து போடுகிறவள். ஒரு நாள் பூங்காத் தெருவில் தாருக்கு அடியில் குழாய் உடைந்து, ரோடு உள்வாங்கி, ஆள் இடுப்பளவுக்கு ஒரு குழி விழுந்திருந்தது. எஸ்தர் ஸ்கூட்டரோடு அதற்குள் போனாள். சத்தம் கேட்டு தாசில்தார் முதலில் ஓடியது, ஆவுடையப்பன் பின்னால் ஓடினார். கால் எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. ஆட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, சாட்சிக்கு இருக்கட்டும் என்று குழியை ஒரு படம் எடுத்தார்.

படத்தில் குழி இல்லை. புத்தம்புதுத் தார், அதன் மேல் கோலம், இருபுறமும் வாழைமரம்.

மாவுக் கம்பெனிக்காரர்களும் அவர்கள் போனில் ஒன்று எடுத்தார்கள். அதே கோலம், அதே வாழை. சமமான ரோட்டில் ஸ்கூட்டரை எங்கோ மோதி உடைத்துவிட்டு, குழியென்று கதை கட்டுகிறாள் என்று எழுதி அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதோடு விடவில்லை. வேலை தேடுகிறவர்களுக்கான பொதுப் பதிவில் அவள் பெயருக்கு எதிரே ‘பொய்ப் புகார் அளித்தவர்’ என்று ஏற்றிவிட்டார்கள். அதைப் பார்த்த பிறகு பாத்திரம் துலக்கக்கூட ஒருத்தரும் அவளைக் கூப்பிடவில்லை.

“அண்ணாச்சி, காலு போனா கூடிரும். பொய்க்காரின்னு எழுதுனத எந்த டாக்டரு கூட்டி வைப்பாரு?” என்று கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு கேட்டாள் எஸ்தர்.

“நான் இருக்கேன்லா? சாயங்காலத்துக்குள்ள முடிச்சுத் தாரேன்” என்றார் ஆவுடையப்பன். அவர் சொன்ன சாயங்காலம் வர மாதக்கணக்காயிற்று.

முதலில் மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். மாப்பிள்ளை செழியன் சென்னையில் ‘நிறைநிழல்’ கம்பெனியில் பெரிய வேலை. நாட்டில் உள்ள எல்லாப் போனிலும் கேமரா என்று இருப்பது அந்தக் கம்பெனியின் சரக்குதான்.

“கேமரா தப்புப் பண்ணாது மாமா” என்றார் செழியன். “இப்ப போன்ல லென்ஸ்னு ஒண்ணும் பெரிசா கிடையாது. கடுகு சைஸ்ல ஒரு ஓட்டை, அவ்வளவுதான். நீங்க எங்க நிக்கிறீங்க, எந்தப் பக்கம் பாக்குறீங்கன்னு போனுக்குத் தெரியும். ரோடு, சுவரு, மரம், இதையெல்லாம் கோடிப் பேரு ஏற்கெனவே எடுத்தாச்சு. எங்க சேமிப்புல இருந்து எடுத்துப் போட்டுக்கும். உயிருள்ளதையும் அது உடுத்தியிருக்கிறது, கையில வச்சிருக்கிறதையும் மட்டும் புதுசா எடுக்கும்.”

“அப்பம் நான் படம் எடுக்கேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கது?”

“நீங்க கேக்குறீங்க. நாங்க குடுக்கிறோம்.”

ஆவுடையப்பனுக்கு அப்போதுதான் வாழைமரத்தின் பூர்வோத்தரம் விளங்கிற்று. பூங்காத் தெருவுக்குத் தார் போட்டுத் திறந்த அன்று ஊரே திரண்டது. ரிப்பன் வெட்டினார்கள், தாரின் மேலேயே கோலம் போட்டார்கள், ஆளாளுக்குப் படம் எடுத்துத் தள்ளினார்கள். அதற்குப் பிறகு அந்த ரோட்டை ரோடுக்காக எவனும் படம் எடுத்ததில்லை. திறப்பு விழா முடிந்த ரோட்டை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? ஆகவே கேமராவுக்கு அந்தத் தெருவில் இன்றைக்கும் திறப்பு விழாதான்.

“சரி மாப்பிள்ள. புதுசா குழி விழுந்தா அதுக்கு எப்படித் தெரியும்?”

“நிறைய பேரு எடுத்து அனுப்புனா சேமிப்பு தன்னால மாறிடும் மாமா.”

“அனுப்புத படத்துலயும் பழைய ரோடுதானே இருக்கும்?”



“நல்ல பாயின்ட் மாமா. மீட்டிங்ல சொல்றேன். ஆனா ஒண்ணு, இதுவரைக்கும் எங்க படம் தப்புன்னு ஒரு கேஸ்கூட கிடையாது. அந்தம்மாதான் எதையோ மறைக்கிறாங்க.”

வேறு யாராவது இப்படிப் பேசியிருந்தால் ஆவுடையப்பன் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டிருப்பார். பெண்ணைக் கொடுத்த இடமாகப் போய்விட்டது. “ரொம்ப சந்தோசம் மாப்பிள்ள, பிள்ளைக்குச் சளி தேவலையா?” என்று கேட்டுப் போனை வைத்தார். வைத்துவிட்டுத் தலையணையை எட்டிக் குத்தினார். அது கிழிந்து வீடெல்லாம் இலவம்பஞ்சு பறந்தது.

அடுத்தது நகராட்சி. அங்கே புகார் சொல்ல ஒரு செயலி இருந்தது. படம் இணைத்தால்தான் வாங்கும். இணைத்தார். ‘சாலை மிகச் சிறப்பாக உள்ளது. தங்கள் பாராட்டுக்கு நன்றி’ என்று பதில் வந்தது. மறுநாள் இன்னொரு கோணத்தில் எடுத்து அனுப்பினார். அதற்கும் நன்றி. படுத்துக்கொண்டு எடுத்தார், குழிக்குள் போனை விட்டு எடுத்தார், தாசில்தார் தும்மும்போது எடுத்தார். நகராட்சி அவருக்கு நன்றி சொல்லிச் சொல்லி, கடைசியில் ‘நகரின் நண்பர்’ என்று ஒரு பட்டமும் கொடுத்துவிட்டது.

நேரிலேயே போனார். எஞ்சினியர் நல்ல மனுஷன். அதுதான் அதிக எரிச்சல்.

“அண்ணாச்சி, அந்தக் குழிய நானும் பாத்தேன். வண்டிய வளைச்சுத்தான் ஓட்டுதேன்.”

“பொறவு மூடுங்களேன்வே!”

“எப்படி மூடுவேன்? மூடுனா முன்னால எடுத்த படம் ஒண்ணு, பின்னால எடுத்த படம் ஒண்ணு வைக்கணும். ரெண்டும் ஒரே கோலமா இருந்துச்சுன்னா, செய்யாத வேலைக்குப் பில்லுன்னு தணிக்கைக்காரன் என்னத் தொங்க விட்டுருவான்.”

“அப்ப எஸ்தருக்காவது குழி இருக்குன்னு ஒரு சீட்டு எழுதித் தாங்க.”

“கண்ணால பாத்தத எழுத எனக்கு அதிகாரம் இல்ல அண்ணாச்சி. படத்துல பாத்தத எழுதத்தான் இருக்கு.”

பரணில் கிடந்த பழைய கேமரா ஒன்றைத் தட்டி எழுப்பி எடுத்தார். அதில் குழி அச்சு அசலாக விழுந்தது. ஆனால் அந்தப் படத்தில் நிறைநிழல் முத்திரை இல்லை. முத்திரை இல்லாத படம் ஜோடித்த படம் என்பது சட்டம்.

உலகம்மாளுக்குப் பொறுமை போயிற்று. “ரெண்டு கூடை கல்லப் போட்டு மூடிட்டு வாங்களேன். குழிக்குக் காவல் இருக்கவா ஒங்களுக்கு பென்சன் தாராவ?”

“மூடிட்டா எஸ்தர் ஆயுசுக்கும் பொய்க்காரிதான். அவளுக்கு இருக்கது அந்தக் குழி ஒண்ணுதான்ட்டி.”

ஆக, குழியை மூடச் சொல்லி ஊரெல்லாம் சண்டை போட்ட மனிதர், யாரும் குழியை மூடிவிடாதபடி காவல் காக்க வேண்டியதாயிற்று. வேப்பங்கொப்பை வெட்டி நட்டு, சிவப்புத் துணி கட்டினார். துப்புரவு வண்டிக்காரர்கள் தினமும் அதைப் பிடுங்கிப் போட்டார்கள். அவர்கள் பார்க்கிற படத்தில் அந்த இடம் சுத்தமாக இருந்தது, நேரில் மட்டும் ஏன் குப்பை என்று. இவர் தினமும் திரும்ப நட்டார். தெருவில் போகிறவர்கள், வெறும் ரோட்டைக் காட்டிக் கத்துகிற கிழம் என்று அவர் படத்தைப் பகிர்ந்தார்கள். அந்தப் படத்திலும் கோலத்துக்கு எதிரே கை நீட்டிக் கத்திக்கொண்டிருப்பவர் அவர்தான். பார்க்கிற யாருக்கும் அவருக்குத்தான் மறை கழன்றுவிட்டது என்று தோன்றும். ஒரு ராத்திரி அவருக்கே தோன்றிவிட்டது. விடிந்ததும் போய்க் குழிக்குள் காலை விட்டுப் பார்த்துக்கொண்டார்.

விடிவு பெருச்சாளி உருவில் வந்தது. கன்றுக்குட்டி அளவு இருக்கும் என்று ஆவுடையப்பன் சொல்வார். அது குழிக்குள் ஓடியது. தாசில்தார் கம்பத்துப் பரிசீலனையைப் பாதியில் போட்டுவிட்டு, பணிக்காலத்திலேயே முதல் தடவையாக அவசரப்பட்டு, பின்னாலேயே குதித்தது. உள்ளே உடைந்த சிமெண்டுக் குழாயின் மேல் பின்காலை ஊன்றி நின்று, வெளியே தலையும் முன்னங்காலும் மட்டும் தெரிய, “வள்” என்றது.

“நீயும் என்னக் கேலி பண்ணு, சவமே” என்று வெறுப்பில் ஒரு படத்தை அமுக்கினார்.

பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

வாழைமரம் இருந்தது. தோரணம் இருந்தது. கீறல் விழாத கருந்தார் இருந்தது. கோலத்தின் நட்டநடுவில், தாமரை இதழ்களுக்கு மத்தியில், தாரிலிருந்து முளைத்தது மாதிரி நாயின் தலையும் இரண்டு பாதங்களும். மீதி நாயைக் காணோம். மூலையில் நிறைநிழலின் பச்சை முத்திரை.

ஆவுடையப்பன் நடுரோட்டில் ஆடிய ஆட்டத்தை எதிர்வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தார்கள். உயிருள்ளதை மட்டும் புதிதாக எடுக்குமாமே! குழியை எடுக்க முடியாவிட்டால் போகிறது. உயிரைக் குழிக்குள் இறக்கினால், உயிர் எங்கே காணாமல் போகிறதோ அங்கே குழி!

காலையில் நாயோடு நடக்கிறவர்களையெல்லாம் மடக்கினார். வக்கீல் இம்மானுவேல் பொமரேனியனைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினார்.

“வேட்டி அழுக்காயிரும்வே.”

“கோர்ட்டுல நீரு பேசுத பேச்சுக்கு வேட்டி இன்னும் வெள்ளையா இருக்கதே அதிசயம். எறங்கும்!”

இறங்கினார். படத்தில் கோலத்துக்கு நடுவே ஒரு வக்கீல் மார்பளவுச் சிலை மாதிரி முளைத்திருந்தார். அதைப் பார்த்ததும் பல் டாக்டர் தானாகவே இறங்கினார். பிறகு கூட்டத்தை அடக்க முடியவில்லை. நாய் வைத்திருப்பவர்கள் நாயோடு வந்தார்கள். இல்லாதவர்கள் அடுத்த வீட்டு நாயை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார்கள். எஸ்தரை ஆட்டோவில் அழைத்து வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார் ஆவுடையப்பன்.

அவள் வரிசையைப் பார்த்தாள். ஒரு மாமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்.

“விழுந்தவ நான் ஒருத்தி. அத நம்ப வைக்க ஊரே விழ வேண்டியிருக்கு, பாத்தியளா அண்ணாச்சி” என்றாள். சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

படங்கள் நிறைநிழலுக்குப் போய்ச் சேர்ந்தன. நாற்பது பேர், நாற்பது போன், எல்லாவற்றிலும் தாருக்குள் அரை மனிதர்கள். கம்பெனி மாற்றியது சேமிப்பை அல்ல. நாற்பது பேரையும் ‘படம் ஜோடிப்பவர்கள்’ பட்டியலில் போட்டு அவர்களுடைய போனைப் பூட்டிவிட்டது. கும்பலின் தலைவன் யார் என்று தேடினார்கள். தலைவனின் மருமகன் தங்களிடமே சம்பளம் வாங்குவதைக் கண்டுபிடித்தார்கள்.

இரண்டாம் நாள் காலை ரயிலில் செழியன் வந்து இறங்கினார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் கம்பெனி அட்டை, பளபளவென்று ஷூ.

“சாப்பிட்டுப் போங்க மாப்பிள்ள” என்றாள் உலகம்மாள்.

“இருக்கட்டும் அத்தை. முதல்ல இதை முடிச்சிடறேன்.” மாமனாரிடம் திரும்பினார். “மாமா, எப்படிப் பண்ணீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க. வெளிய விடமாட்டேன். வயசான காலத்துல இந்த விளையாட்டு வேண்டாம். என் வேலைக்கே ஆபத்து.”

“வாங்க மாப்பிள்ள, நடந்துக்கிட்டே பேசுவோம்.”

பூங்காத் தெருவில் செழியன் போனை நெற்றிக்கு நேரே பிடித்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே நடந்தார். சுற்றிலும் நடைக்கூட்டம், நாய்கள், நாற்காலியில் எஸ்தர்.

“எங்க மாமா? கோலம்தான் இருக்கு. அருமையான ரோடு.”

“போனைத் தாழ்த்துங்க மாப்பிள்ள.”

தாழ்த்தினார். அவருடைய வலது ஷூ குழியின் விளிம்பில் அந்தரத்தில் நின்றது. ஆவுடையப்பன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் மகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

செழியன் குழியையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். நிமிர்ந்தார்.

“சரி. குழி இருக்கு. ஆனா இது பிறகு விழுந்ததா இருக்கலாம். இந்தம்மா விழுந்த அன்னைக்கு இல்லாம இருந்திருக்கலாம். அன்னைக்கு எடுத்த படத்துல குழி இல்லையே.”

எஸ்தர் ஊன்றுகோலைத் தரையில் ஒரு தடவை குத்தினாள்.

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஆவுடையப்பன் மாப்பிள்ளையிடம் குரலை உயர்த்தினார். “நீரு எறங்கும்வே!”

நாய்கள்கூடக் குரைப்பதை நிறுத்தின. உலகம்மாள் அங்கே இருந்திருந்தால் மயக்கம் போட்டிருப்பாள். செழியன் மாமனாரை ஒரு கணம் பார்த்தார். பிறகு, பரீட்சித்துப் பார்ப்பது என் கடமைதான் என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, குழிக்குள் இறங்கினார். எல்லோரும் நின்ற சிமெண்டுக் குழாயில்தான் நின்றார். ஷூவின் பளபளப்பு வழுக்கிவிட்டது. தொடைவரை சேற்றுக்குள் போய், ஒரு ஷூவும் போயிற்று.

அந்த நேரம் பார்த்து அவருடைய மேலதிகாரி வீடியோவில் கூப்பிட்டார்.

“என்ன செழியன், கோலத்துக்கு நடுவுல உட்கார்ந்துக்கிட்டீங்களா?” என்றது போன். கூட்டத்துக்கே கேட்டது. “அழகா இருக்கு. பாத்தீங்களா, அவ்வளவுதான் விஷயம். ஜோடிப்புன்னு ஒரு வரி எழுதுங்க, கோப்பை மூடிடலாம்.”

“சார், இங்க ஒரு குழி…”

“யோசிச்சுப் பேசுங்க. ஒரு படம் தப்புன்னு நாமளே எழுதிக் குடுத்தா, அப்புறம் ஒவ்வொண்ணையும் திறக்கச் சொல்லுவாங்க. கோர்ட்டுல தீர்ப்பானது, இன்ஷூரன்ஸ்ல தள்ளுபடி ஆனது, ஜெயில்ல இருக்கிறவன். எத்தனை பேருன்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் விரும்பல. அப்படிக் கையெழுத்துப் போடுறவருக்கு இங்க நாற்காலி இருக்காது.”

“சரி சார்” என்றார் செழியன். “குழி பிற்பாடு விழுந்திருக்கலாம்னு நானும் சொல்லிக்கிட்டுதான் இருக்கேன்.”

ஆவுடையப்பன் எஸ்தரைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

செழியன் ஒரு கையில் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மறுகையைச் சேற்றுக்குள் விட்டு ஷூவைத் துழாவினார். அகப்பட்டதை வெளியே இழுத்தார். ஷூ இல்லை. பலூன் மாதிரி உப்பிப்போன ஒரு பிளாஸ்டிக் பாக்கெட். சேற்றைக் கட்டைவிரலால் வழித்தார். மாவுக் கம்பெனியின் பெயர் தெரிந்தது. அதற்குக் கீழே அச்சடித்த தேதி தெரிந்தது. நிறைநிழல் கோப்பில் எஸ்தரின் பெயருக்குப் பக்கத்தில், அவள் விழுந்ததாகச் சொன்ன நாள் என்று அவர் பல தடவை பார்த்த தேதி.

கை இறுகியிருக்க வேண்டும். பாக்கெட் வெடித்தது. மாதக்கணக்கில் புளித்த மாவு அவருடைய முகம், சட்டை, அட்டை எல்லாவற்றிலும் அபிஷேகம் ஆனது. அந்த நாற்றத்தில் பொமரேனியன் மயங்கி விழுந்ததாக ஆவுடையப்பன் சொல்வார். தாசில்தார் மட்டும் விளிம்பில் படுத்து, மாப்பிள்ளையின் காதை நக்கியது.

யாரும் சிரிக்கவில்லை. செழியன் காலி பிளாஸ்டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியில் இருந்தவளை, வந்ததிலிருந்து முதல் தடவையாக, நேருக்கு நேர் பார்த்தார்.

“செழியன்? என்ன ஆச்சு? ஜோடிப்புன்னு போட்டுக்கட்டுமா?” என்றது போன்.

“வேண்டாம் சார்.”

“சரியாக் கேக்கல.”

செழியன் உதட்டில் வழிந்த மாவைப் புறங்கையால் துடைத்துவிட்டு, போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“நடந்துச்சு சார். அந்தம்மா இதுக்குள்ளதான் விழுந்தாங்க. நான் இப்ப அதுக்குள்ளதான் நிக்கிறேன்.”